டபிள்யூடி மை கிளவுட் முதல் தலைமுறை: இன்று எவ்வளவு தேறும்?

வெள்ளை நிறத்தில், தடித்த புத்தகத்தை நிமிர்த்தி வைத்தது போன்ற இந்த ஒற்றை டிஸ்க் பெட்டி வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி) நிறுவனத்தின் நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சாதனம். 2013-இல் விற்பனைக்கு வந்தது. உள்ளே 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், 256 எம்பி ரேம். பின்னால் ஒரு கிகாபிட் லேன் போர்ட், ஒரு யுஎஸ்பி 3.0. மின்விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை. "கனெக்ட் ஆகவில்லை, போய்விட்டது" என்று மூலையில் போடப்பட்ட பெட்டிகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கும். பெட்டி அப்படியே இருக்க, அதைச் சுற்றி விண்டோஸும் ரவுட்டரும் மாறிவிட்டன.

மொபைல் ஆப்பில் மட்டும் திறக்கவில்லை என்றால் தேடிப் பயனில்லை. ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) எண் 04 என்று தொடங்கினால் அது முதல் தலைமுறை. அதற்கு மை கிளவுடின் புதிய இயங்குதளமான ஓஎஸ் 5 வரவே இல்லை. பழைய ஓஎஸ்ஸுக்கான ஆதரவு 2022 ஏப்ரல் 15-உடன் முடிந்தது. அதன்பின் வெளியிலிருந்து உள்ளே வரும் வழி அடைபட்டது, வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் வேலை செய்யும். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது வீண்.

வீட்டுக்குள்ளேயே தெரியவில்லையா? ரவுட்டரின் டிவைஸ் பட்டியலைப் பாருங்கள். பெயர் இருந்தால் பக்கத்தில் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) இருக்கும். கணினியிலிருந்து அதற்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் கேபிளையும் பெட்டியையும் விட்டுவிடலாம், தகராறு விண்டோஸில். பெயரே இல்லை, லேன் விளக்கு மட்டும் எரிகிறது என்றால் பெட்டிக்கு யாரோ நிலையான ஐபி கொடுத்திருக்கலாம். இணைய நிறுவனத்தை மாற்றிய வீடுகளில் இது சகஜம்: பழைய ரவுட்டர் 192.168.1.1, ஜியோ ஃபைபர் ரவுட்டரோ 192.168.29.1. பெட்டி பழைய வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பை நேரே லேன் கேபிளில் இணைத்து, லேப்டாப்புக்கு அதே வரிசையில் ஒரு ஐபி (192.168.1.10, மாஸ்க் 255.255.255.0) கொடுத்து, பெட்டியின் டாஷ்போர்டை (பிரவுசரில் வரும் அமைப்புப் பக்கம்) திறந்து டிஎச்சிபிக்கு (ரவுட்டரே ஐபி கொடுக்கும் முறை) மாற்றுங்கள். பிறகு ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கென ஓர் ஐபியை ஒதுக்கிவிட்டால் மறுபடி தொலையாது. இன்னொன்று: லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் எந்த நாஸும் தெரியாது.

பெரிய தலைவலி விண்டோஸ். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி 1 (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய முறை) படிப்படியாக நீக்கப்பட்டது. 'நெட்வொர்க்' பக்கத்தில் பழைய பெட்டிகளைப் பெயர் சொல்லிக் காட்டியது அதை நம்பியிருந்த சேவைதான். அதனால் பட்டியலில் பெட்டி இல்லாததை வைத்து அது செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்பதுபோல உங்கள் ஐபியை அடியுங்கள். திறந்தால் அதையே நெட்வொர்க் டிரைவாக மேப் செய்துகொள்ளலாம். எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்யச் சொல்லும் அறிவுரைகள் எங்கும் கிடைக்கும், கேட்காதீர்கள்.

அடுத்த சுவர் 'பப்ளிக்' ஷேர், அதாவது பெட்டியில் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டர். இது பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் முறையில் திறக்கும். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு கெஸ்ட் நுழைவை மறுக்கிறது, எஸ்எம்பி கையொப்பமும் (தரவு வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான சான்று) கேட்கிறது. கெஸ்ட் இணைப்பில் கையொப்பத்துக்கே இடமில்லை. விண்டோஸின் பூட்டைத் தளர்த்துவதைவிட, டாஷ்போர்டில் பாஸ்வேர்டுடன் ஒரு யூசரை உருவாக்கி, ஷேரின் பப்ளிக் அனுமதியை அணைத்து, அந்த யூசருக்கு முழு அனுமதி கொடுப்பது நல்லது.

அப்படிச் செய்த பிறகும் சரியான பாஸ்வேர்டை விண்டோஸ் ஏற்காமல் 1219 என்ற பிழை எண்ணைக் காட்டலாம். ஒரே சர்வருக்கு இரண்டு யூசர் பெயர்களில் விண்டோஸ் ஒரே நேரத்தில் நுழைய விடாது. முதலில் பப்ளிக்கைத் திறந்து கெஸ்டாக உள்ளே போயிருந்தால், தனி ஷேருக்கு வேறு பெயர் கொடுக்கும்போது தடுக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த ஐபியின் பதிவை நீக்கி, மேப் செய்த டிரைவ்களைத் துண்டித்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து, தனி ஷேரை முதலில் திறங்கள்.

இணைப்பு வந்து வந்து அறுகிறது, டாஷ்போர்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் 256 எம்பி ரேமைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் படங்களை ஏற்றினால், ஒவ்வொன்றுக்கும் சிறுபடம் தயாரிக்கும் வேலை பின்னணியில் ஓடி ரேமைத் தின்றுவிடும். மீடியா ஸ்ட்ரீமிங், கிளவுட் ஆக்சஸ் இரண்டையும் அணைத்து, பெரிய காப்பி முடிந்தபின் ஒரு நாள் சும்மா விட்டுப் பாருங்கள். வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டாவிட்டால் அது வேறு கதை: கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி போய் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கும். புது கேட் 5இ கேபிள் போதும். தானே ரீபூட் ஆனால் 12 வோல்ட் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். மல்டிமீட்டரில் சும்மா அளந்தால் 12 காட்டும்; டிஸ்க் சுழலத் தொடங்கும்போதுதான் சரியும். புதியதன் ஆம்பியர், பழைய லேபிளில் உள்ளதைவிடக் குறையக் கூடாது.

எங்கள் தீர்ப்பு: வீட்டுக்குள் இரண்டாவது நகல் வைக்க ஓடட்டும். ஒரே நகலை இதில் வைக்காதீர்கள், செகண்ட் ஹேண்டில் வாங்கவும் வேண்டாம். வெளியிலிருந்து இதை அடைய ரவுட்டரில் போர்ட் (இணைய வழி) திறந்திருந்தால் இன்றே மூடுங்கள். இதன் முன்னோடியான மை புக் லைவ் பெட்டிகள் 2021 ஜூனில் இணையம் வழியாகவே ரீசெட் செய்யப்பட்டு, பலருடைய கோப்புகள் ஒரே நாளில் காணாமல் போயின.

பெட்டி கிளம்பவே இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) வழியாகக் கணினியில் மாட்டலாம். விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். லினக்ஸும் சாதாரணமாக மவுண்ட் செய்ய (டிஸ்க்கைத் திறந்து காட்ட) மறுக்கக்கூடும். டேட்டா பகுதி லினக்ஸின் எக்ஸ்ட் 4 கோப்பு அமைப்புதான், ஆனால் அதன் பிளாக் அளவு 64 கேபி; வழக்கமான பிசியின் நினைவகப் பக்கமோ 4 கேபி. ஃபியூஸ் (லினக்ஸ் கர்னலுக்கு வெளியே கோப்பு அமைப்புகளைத் திறக்கும் வழி) மூலம் படிக்கும் எக்ஸ்ட் கருவியை, படிக்க மட்டும் என்ற முறையில் இயக்கினால் கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம்.