திருகோணமலையில் ‘சந்திர விண்கல்’ வாங்க முன் அந்த ஆய்வறிக்கையை வரிவரியாகப் பாருங்கள்

திருகோணமலையில் 46 கிராம் கறுப்புக் கல் ஒன்றைச் சந்திர விண்கல், அதாவது சந்திரனிலிருந்து சிதறிப் பூமியில் விழுந்த கல், என்று விற்றார்கள். நம்பிக் காசு கொடுத்தோம். முத்திரை குத்திய ஒரு பக்க ஆய்வறிக்கையும் கூடவே வந்தது. அதே தாள் வேறு கற்களோடும் சுற்றக்கூடும் என்பதால் இதை எழுதுகிறோம்.

‘நிக்கல் 4.1%’ என்கிறது தாள். சந்திரப் பாறையில் நிக்கல் பத்து இலட்சத்தில் சில நூறு பங்குக்கு மேல் போவது அரிது. ‘நிக்கல் இருந்தால் விண்கல்’ என்பது இரும்பு விண்கற்களுக்குப் பொருந்தும் சோதனை, இதற்கு உதவாது. ‘காந்தம் பலமாக இழுக்கிறது’ என்பதும் எதிர்ச்சாட்சிதான். சந்திரக் கல்லில் உலோக இரும்பு துளியளவே. காந்தம் இழுக்கும் இரும்பு ஒட்சைட்டுக் கனியமான மக்னடைட் இல்லையென்றே சொல்லலாம்.

‘இல்மனைட் (இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த கறுப்புக் கனியம்) உண்டு, ஆகவே சந்திரன்’ என்கிறது தாள். புல்மோட்டைக் கடற்கரை மணலே இல்மனைட்தான். இந்த மாவட்டத்துக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா?

தாளே பொய் என்று காட்டிக்கொடுத்தது ‘சோடியம் ஒட்சைட்டு 0.38%’ என்ற வரி. சந்திர மேட்டுநிலப் பாறைக்கு (சந்திரனில் வெளிறித் தெரியும் பகுதியின் பாறை) அந்த எண் சரியாகவே பொருந்தும். ஆனால் அளந்ததாகச் சொன்னது துப்பாக்கி வடிவக் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியால். சோடியம் வெளியிடும் கதிர் மிக மெலிந்தது, கருவியை எட்டுமுன் காற்றே விழுங்கிவிடும். ஆகவே அது எங்கிருந்தோ பார்த்தெழுதிய எண். அந்தக் கருவி கல்லின் மேற்தோலை மட்டுமே படிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பாலைவனத்தில் கிடந்த கல்லில் படிந்த சுண்ணாம்பையும் கல்சியமாகக் கணக்கில் சேர்த்துவிடும்.

‘ஒட்சிசன் சமதானி பொருந்துகிறது’ என்பதில் மயங்காதீர்கள். சமதானி என்பது ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். அவற்றின் விகிதத்தை வரைபில் குறித்தால் சந்திரனும் பூமியும் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் விழும். செவ்வாய்க் கல்லை விலக்க அது உதவும், வீட்டு முற்றத்துக் கல்லை விலக்க உதவாது.

உண்மையான வகைப்படுத்தலுக்குக் கல்லை வெட்டி, 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து மினுக்கிய சீவல் செய்து, இலத்திரன் கதிரால் ஒவ்வொரு கனியத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். முதலில் பார்ப்பது பைரொக்சீன் என்ற கனியத்தில் இரும்புக்கும் மங்கனீசுக்கும் உள்ள அணு விகிதம்: சந்திரனில் 60 அளவில், பூமியில் 40 அளவில், செவ்வாயில் அதற்கும் குறைவு. அடுத்தது பெல்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனியம். மேட்டுநிலக் கல்லில் அது பெரும்பாலும் 95%க்கு மேல் அனோர்தைட், அதாவது கல்சியம் மிகுந்தது. (இலங்கையில் மோதிரத்தில் பதிக்கும் சந்திரகாந்தக் கல் பொட்டாசியம் பெல்ஸ்பார். பெயரைத் தவிர உறவில்லை; அந்தப் பெயரையும் விற்பனையில் இழுத்தார்கள்.) முழுக்கல்லில் அலுமினியம் ஒட்சைட்டு 25–30%, இரும்பு ஒட்சைட்டு 3–6% என்றால் மேட்டுநிலக் கல், இரும்பு ஒட்சைட்டு 20% அளவில் இருந்தால் சந்திரக் ‘கடல்’ பசாற்று, அதாவது சந்திரனில் கருமையாகத் தெரியும் சமவெளிகளின் எரிமலைப் பாறை.

மைக்காவோ ஹோர்ன்பிளெண்டோ தெரிந்தால் அதோடு நிறுத்தலாம். இரண்டும் நீர் சேர்ந்து உருவாகும் கனியங்கள், சந்திரப் பாறையோ வறண்டது. எங்கள் கல்லின் ஓரத்தைத் தேய்த்து 10 மடங்கு உருப்பெருக்கியால் பார்த்தபோது இரண்டும் இருந்தன.

‘வெட்டத் தேவையில்லை, விலை குறைந்துவிடும்’ என்றார் விற்றவர். ஆனால் சர்வதேச விண்கல் சங்கத்தில் (Meteoritical Society) கல்லின் பெயர் பதிவாக வேண்டுமென்றால் மொத்த எடையில் 20% அல்லது 20 கிராம், இரண்டில் குறைந்ததை, மாதிரியாக ஒரு நிறுவனத்தில் வைத்தாக வேண்டும். 46 கிராம் கல்லுக்கு 9.2 கிராம். ஏற்கெனவே பதிவான கல் என்று எண் காட்டினால், அந்தச் சங்கத்தின் இலவசத் தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்குரிய வகையையும் மொத்த எடையையும் பாருங்கள். பிறகு, பிரதான துண்டை வைத்திருப்பவரிடமிருந்து இந்தத் துண்டு விற்பவர் கைக்கு வந்த பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள்.