விசிறி முன்னாலா, பின்னாலா? பையனுக்கு முதல் ரிமோட் விமானம்

அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "பிளேன் அத்த. டிரோன் வேணாம், இறக்கை வெச்ச பிளேன்" என்றான். மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில்தான் அவர்கள் வீடு. எதிரே பழைய பந்துத் திடல். மூன்று பக்கம் செம்பனை, ஒரு பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். வாங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்ததால் ஒரு மாதம் தேடிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு வகை மிஞ்சின. முதலில் ஒன்றை வாங்கி, மூன்று மாதம் கழித்து இன்னொன்றையும் வாங்கினோம்.

முதலாவது, 'கப்' வகை. 1938இல் வந்த பைப்பர் ஜே-3 கப் என்ற நிஜ விமானத்தின் சாயலில் செய்தது. மூக்கில் விசிறி, இறக்கை நீளம் அரை மீட்டர். இரண்டாவது, ஏறக்குறைய 1.1 மீட்டர் இறக்கை கொண்ட நுரை விமானம். இதில் மோட்டாரும் விசிறியும் இறக்கைக்கு மேலே, பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். ஹாபிஜோன் ஏரோஸ்கவுட் இந்த அமைப்புக்கு நன்கு தெரிந்த உதாரணம். இதே போன்ற வேறு தயாரிப்புகளும் உண்டு. எங்களுக்கு இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 300 வெள்ளி (ரிங்கிட்) வித்தியாசம் வந்தது.

பொதுவான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் ஊற்றி ஓட்டும் எஞ்சின் விமானம் குழந்தைக்கு வேண்டாம். இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும். போர் விமான வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் விமானமாக வாங்காதீர்கள். விமானம் சாய்ந்தால் தானே நிமிர்த்திவிடும் கைரோ என்ற கருவி கட்டாயம். இவையெல்லாம் நாங்கள் வாங்கிய இரண்டிலுமே சரியாக இருந்தன.

என் ஓட்டு பின்விசிறிக்குத்தான். காரணம் ஒன்றே ஒன்று: விழுந்த விமானத்தை அன்றைக்கே சரிசெய்ய முடியுமா?

குழந்தை ஓட்டும் விமானம் விழும். அதுவும் பெரும்பாலும் மூக்குக் குத்தித்தான் விழும். கப் மூன்றாம் நாள் அப்படி விழுந்தது. விசிறி உடைந்ததோடு, அதைத் தாங்கும் மெல்லிய கம்பியும் வளைந்துவிட்டது. கூட வந்த மாற்று விசிறியைப் போட்டோம். கம்பி வளைந்திருந்ததால் விமானமே நடுங்கியது, நேராகப் போகவில்லை. அந்தச் சின்னக் கம்பியை ஈப்போவில் நான் விசாரித்த கடைகளில் வைத்திருக்கவில்லை. இணையத்தில் ஆர்டர் போட்டு வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் பள்ளி விட்டு வந்ததும் பையன் வாசலில் போய் நிற்பான். ஒருநாள் என்னிடம், "நான்தான் உடைச்சுட்டேனா அத்த?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் அடுத்ததை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பின்விசிறி விமானத்தில் தரையில் மோதுவது வெறும் நுரை மூக்கு. ஏழு மாதத்தில் பலமுறை விழுந்திருக்கிறது, விசிறியை மாற்றியது ஒரே தடவை. மூக்கு நசுங்கினால் என்ன செய்வோம் என்றால், ஃபிளாஸ்கில் இருக்கும் சுடுநீரை நசுங்கிய இடத்தில் மட்டும் மெதுவாக ஊற்றுவோம். சுருங்கிக் கிடக்கும் நுரை, பூரி உப்புவதுபோல் மெல்ல மேலே வரும். பழைய வழவழப்பு வராது, பறப்பதற்கு அது போதும். மின்சாதனங்களில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேட்டரியை முதலிலேயே கழற்றிவிடுங்கள். இறக்கையில் விரிசல் விட்டால் சாதாரண சூப்பர் குளூ போதும். சூப்பர் குளூ, இப்போதைய விமானங்களில் வரும் இபிஓ என்ற நுரைக்குத்தான் பொருந்தும். பொட்டி கட்டும் வெள்ளைத் தெர்மாக்கோலில் அதை விட்டால் கரைந்து குழிவிழும்.

கப்புக்கும் நியாயம் சொல்ல வேண்டும். சின்னத் திடலில் சுலபமாகத் திரும்பும். எடை குறைவு, யார்மீது இடித்தாலும் அடி பெரிதாக இருக்காது. பேட்டரியும் சின்னது. பின்விசிறிக்கு மூன்று செல் லித்தியம் பேட்டரி, அதற்குப் பெரியவர்கள் பொறுப்பேற்க வேண்டும். பார்வையில் வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்கக் கூடாது. ஒரு வாரம் பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. மோட்டார் உயரத்தில் இருப்பதால், திடீரென்று முழு வேகம் கொடுத்தால் மூக்கு கீழே இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டப் பையனைப் பழக்கினோம். கையால் எறிந்து பறக்கவிடும்போது விசிறி கைக்குப் பின்னால் சுற்றும், அதனால் எறிவது எப்போதும் அண்ணன்தான். செம்மண் பாதை காய்ந்திருந்தால் சக்கரத்திலேயே ஓடி எழும்பிவிடும், எனக்கு அதுதான் நிம்மதி. மோட்டார் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை ஏழு மாதப் பழக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பெட்டியிலிருந்து எடுத்ததும் பறக்கவிடாதீர்கள். எடை சமநிலையை முதலில் பார்க்க வேண்டும். கையேட்டில் குறித்த இடத்தில், இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்குங்கள். பெரும்பாலும் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்கும். விமானம் மட்டமாக நிற்க வேண்டும், மூக்கு ஒரு துளி தாழ்ந்தால் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள், வால் கனத்த விமானம் யார் சொல்லும் கேட்காது. அப்புறம், ரிமோட்டை முதலில் போட்டு, பேட்டரியைப் பிறகு மாட்ட வேண்டும். கைரோ தன்னைச் சரிசெய்துகொள்ளும் வரை விமானத்தை ஆட்டக் கூடாது. வாலுக்குப் பின்னால் நின்று, ரிமோட்டின் குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல் மேலே எழுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

நேரம், காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை. வெயில் ஏறிவிட்டால் காற்றும் ஏறிவிடும். எதிர்காற்றில் கிளப்புங்கள். 400 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது நாட்டின் சட்டம், பையனுக்கு மரத்து உயரமே போதும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும், பெரியவர்களே தடுமாறும் இடம் அது. நாங்கள் சொல்லிக்கொடுத்தது இதுதான்: எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு. ஒரே காலையில் பிடித்துக்கொண்டான்.

செம்பனை மட்டையில் மாட்டுவது இரண்டுக்கும் ஒன்றுதான். முதல் தடவை மாட்டியபோது பையன் மரத்தில் ஏறப் போனான். "ஏறாதடா, முள்ளு கிழிச்சுடும்" என்று அண்ணன் தடுத்து, குலை வெட்டும் நீளக் கம்பில் அரிவாளைக் கழற்றிவிட்டு, மட்டையை அசைத்து அசைத்து இறக்கினார். வெள்ளையும் பச்சையுமாக இருந்த விமானம் மட்டைகளுக்குள் கண்ணுக்கே தெரியவில்லை. இப்போது இறக்கையின் அடியில் ஆரஞ்சு டேப் ஒட்டியிருக்கிறோம்.

கப்பின் கம்பியை மாற்றியாயிற்று. காற்றே இல்லாத நாளில் அதையும் எடுப்பான். இந்தச் சனிக்கிழமை பெரியதைக் கைரோ இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறான். காற்று அடங்கியிருந்தால் சரி என்று சொல்லியிருக்கிறேன். ஃபிளாஸ்கில் சுடுநீர் ஊற்றி எடுத்துப் போக வேண்டும்.