டயர் மாற்ற ஆட்டோவை விட்டுவிட்டு டீக் குடிக்கப் போகாதீர்கள்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் ஆட்டோ ஓடுகிறவர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். சொந்தப் பாவனைக்கு ஆட்டோ வைத்திருக்கிறவர்களும்தான். ஒரு டயர் மாற்றப் போய், இரண்டு நாள் கழித்து பிரேக் இல்லாமல் இறக்கத்தில் போனேன். அன்று வண்டியில் பிள்ளைகள் யாரும் இல்லை. பத்து நிமிடம் பிந்தியிருந்தால் ஐந்து பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பின்பக்க இடது டயர் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வழக்கமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாஸ் ஊருக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை ஸ்கூல் ஹயர் இருக்கிறதே என்று மெயின் ரோட்டோரம் இருக்கும் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு கொடுக்கும் வேலை நடக்கிறது. கடைக்கு முன்னால் இருக்கும் இடமே ரோட்டைப் பார்த்துச் சரிவு, மழைக்குச் சேறு, அதன் மேல் கொஞ்சம் ஜல்லிக்கல் கொட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த உடனேயே நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

முதலாளி பொடியனைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார். “அரை மணித்தியாலம் ஆகும் தம்பி, போய் பிளேன்டீ ஒன்னு குடிச்சிட்டு வாங்க” என்றார். போனேன். எதிர்க்கடையில் கோப்பையைக் கையில் எடுத்தபோதுதான் ‘டும்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஆட்டோ ஜக்கில்தான் நிற்கிறது, பொடியன் முகம் வெளிறிப் போயிருக்கிறது, முதலாளி சிரித்துக்கொண்டே “ஒன்னுமில்ல தம்பி, கல்லு ஒன்னு உருண்டுருச்சு” என்கிறார். நம்பினேன். புது டயர் போட்ட சில்லைப் பூட்டினார்கள், காசைக் கொடுத்தேன், பில் கேட்டதற்கு “புத்தகம் முடிஞ்சிருச்சு, திங்கள் வாங்க” என்றார். அதையும் நம்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு முழுக்க மழை, வண்டியை எடுக்கவில்லை. திங்கள் காலை ஆறரைக்கு தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கினேன். முதல் வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே போன மாதிரி இருந்தது, குளிருக்கு அப்படித்தான் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை பாதி வரை போனது. மூன்றாவது தடவை கால் தகரத்தில் போய் முட்டியது. எங்கள் தோட்டத்து ரோட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தேயிலை மலை அப்படியே ஆற்றுக்கு இறங்கும். கியரை முதலாவதுக்குக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேட்டுப் பக்கம் மண்ணில் உரசி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் கால் பிரேக் மாதிரி எண்ணெயில் வேலை செய்வதில்லை, கேபிளில் இழுபடுவது. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்து சும்மா பெயருக்கு இருந்தால் இன்றைக்கே இறுக்கிக்கொள்ளுங்கள்.

பாஸ் ஊரிலிருந்து வந்து இடது பின் சில்லைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தார். உள்ளே சில்லைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூ இரண்டும் பிரேக் எண்ணெயில் ஊறிப் போயிருந்தன. டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தட்டு ஒரு பக்கம் நசுங்கி, அதற்கு வரும் பிரேக் குழாய் மூட்டோடு வளைந்து, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் போயிருக்கிறது. மழை ஈரத்தில் நான் தரையைக் கவனிக்கவில்லை. தட்டில் இருந்த வடுவைத் தொட்டுக் காட்டி “இது ஜக்கு மேல விழுந்த அடி, ரோட்டுல பட்ட அடி இல்ல” என்றார் பாஸ்.

அன்று பின்னேரமே அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி ஒரே வார்த்தை: “வரும்போதே அப்படித்தான் இருந்திச்சு.” பில்லும் இல்லை, சாட்சியும் இல்லை என்ற தைரியம். குழாய், சிலிண்டர், ஷூ, எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபா. மூன்று நாள் ஹயர் இல்லை. ஸ்கூல் பிள்ளைகளை வேறு வண்டியில் அனுப்பியதற்கு நான்தான் காசு கொடுத்தேன். 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய காலத்திலிருந்தே புது ஆட்டோ என்பது எங்களுக்குக் கனவாகிவிட்டது, இந்தப் பழைய வண்டியை வைத்துத்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

உண்மை தெரிய வந்தது ஒரு வாரம் கழித்து. அந்தப் பொடியனே ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தான். “அண்ணே, அன்னைக்கு வண்டி விழுந்திருச்சு, முதலாளி சொல்லாதேன்னாரு, எனக்குத் தூக்கமே வரல” என்று அழுதான். சில்லு கையோடு கழன்று வந்த அந்த நொடியில்தான் வண்டி நகர்ந்திருக்கிறது. ஒரு நொடி முந்தி அவன் விரல்கள் டிரம்முக்கும் ஜக்குக்கும் நடுவில் இருந்தன. என் காசு போனதைவிட இதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

ஏன் விழுந்தது என்று அவனும் பாஸும் நானும் உட்கார்ந்து பேசினோம். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. சரிவு என்பதால் பொடியன் வண்டியை முதல் கியரில் போட்டிருக்கிறான். நட்டுகளைக் கைக்கு வசமான பக்கம் திருப்ப ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்கிறான். கியர் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறான், எங்களில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைக்கிறோம். பிடிக்காது. பின் இரண்டு சில்லுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் இருக்கிறது, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரப் பெட்டி அது. ஒரு பின் சில்லு அந்தரத்தில் இருந்தால் அது ஒரு பக்கம் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் உருளும், எஞ்சின் அசையாமலே வண்டி நகர்ந்துவிடும். முன் சில்லுக்கோ ஹேண்ட் பிரேக்கே கிடையாது. ஆக அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு எதுவுமே இருக்கவில்லை, சரிவில் ஒரு ஜக்கு மட்டும். அதன் மேல் துருப்பிடித்து ஒட்டிய சில்லை ஆட்டி ஆட்டி இழுத்தால் என்ன ஆகும்?

ஜக்கு வைத்த இடமும் பிழை. ஜல்லிக்கல்லின் மேல், அடியில் பலகை இல்லாமல். அந்த ஜக்கு எண்ணெய் கசிந்து தானாகவே மெல்ல மெல்ல இறங்குமாம், அது முதலாளிக்கும் தெரியுமாம். காரென்றால் ஒரு சில்லைத் தூக்கினாலும் மூன்று சில்லு தரையில் நிற்கும். ஆட்டோவில் பின் சில்லு ஒன்றைத் தூக்கினால் மிஞ்சுவது இரண்டுதான், மூன்றாவது கால் அந்த ஜக்கு. அது வழுக்கினால் முந்நூறு கிலோவுக்கு மேல் பாரமுள்ள வண்டி அந்தப் பக்கமாகத்தான் சாயும். முன் சில்லைக் கழற்றும்போது இவ்வளவு ஆபத்தில்லை, பாரம் பின்னால் எஞ்சின் பக்கம் இருக்கிறது, பின் இரண்டு சில்லிலும் ஹேண்ட் பிரேக் பிடிக்கும். அப்போதும் பின் சில்லுகளுக்குக் கல்லுப் போடாமல் தூக்கக் கூடாது, முன்னால் தகரத் தரையில் ஜக்கைக் கொடுத்து நசுக்கவும் விடாதீர்கள்.

பாஸ் செய்யும் முறையைச் சொல்கிறேன். மட்டமான இடம் கிடைக்கும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டாவது போவார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, தரையில் இருக்கப்போகும் முன் சில்லுக்கும் மற்றப் பின் சில்லுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுப்பார். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார், தூக்கிய பிறகு பலம் கொடுத்து இழுக்கும் வேலையே வராது. பிறகுதான் ஜக்கு, அதற்கு அடியில் அகலமான சவுக்குப் பலகை. எஞ்சின் பெட்டியிலோ தகரத்திலோ ஜக்கை வைக்கவே மாட்டார், தடித்த குறுக்குச் சட்டத்தில்தான் வைப்பார். தூக்கியதும் சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் ஒன்றையோ மொத்தமான மரக்கட்டையையோ கொடுத்து, ஜக்கைக் கொஞ்சம் இறக்கி, பாரத்தை அதில் உட்கார வைப்பார். சீமெந்துக் கல் வைக்க விடவே மாட்டார், அது சொல்லாமல் கொள்ளாமல் வெடித்துப் போகும். இதற்கெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் சேர்ந்து வண்டியைக் கையால் சரித்துப் பிடித்து டயர் மாற்றுவதையும் நான் இனிமேல் செய்வதில்லை, பிடித்திருக்கிற ஒருவருக்குக் கை வழுக்கினால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்டோ ரிம் இரண்டு பாதியாக வரும். சில்லை டிரம்மோடு பிடிக்கும் நட் வேறு, ரிம்மின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் நட் வேறு. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவதைத் தளர்த்தினால் ரிம் பிரிந்து முகத்துக்கு வரும். ரிம்மைப் பிரிக்கும் முன் காற்றை முழுக்க இறக்கியே ஆக வேண்டும். பழகாத பொடியன்கள் கையில் நட் கழற்றும் சாவியைக் கொடுத்துவிட்டு நகரும் கடைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

வண்டி ஜக்கிலிருந்து விழுந்தது தெரிந்தால், லேசாகத்தான் விழுந்தது என்றாலும், டிரம்மைத் திறந்து, குழாயையும் பின் தட்டையும் பார்க்காமல் அந்த இடத்தை விட்டு எடுக்காதீர்கள். நின்ற இடத்திலேயே பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள், மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அன்று எனக்கு இது தோன்றவில்லை.

பில் விஷயம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படி, நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். சேவை செய்கிறவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, ‘சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று சுவரில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் விளக்கம் சொல்வார்கள். முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். புத்தகம் முடிந்துவிட்டது என்றால் ஒரு வெள்ளைத் தாளில் திகதி, வண்டி இலக்கம், செய்த வேலை, வாங்கிய காசு எழுதி கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் காசு கொடுக்கும் முன் போனில் இரண்டு படமாவது எடுங்கள்.

நான் முறைப்பாட்டை எழுதி முடித்துவிட்டேன். நசுங்கிய தட்டையும் குழாயையும் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன், பாஸ் எழுதிக் கொடுத்த கடிதமும் இருக்கிறது, எதிர்க்கடை அக்கா தான் பார்த்ததைச் சொல்லச் சம்மதித்துவிட்டார். பொடியனின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, அவனுக்கு வேறு வேலை தேடித் தர பாஸிடம் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை அதைக் கொடுக்க நுவரெலியா கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறேன். ஹட்டன் ரோட்டில் சரிவில் இருக்கும் அந்த மாதிரிக் கடையில் உங்களில் யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் அதற்குள் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.