குறுகிய மேல்தாடை: கழற்றி மாட்டும் தட்டா, ஸ்க்ரூவா, அறுவை சிகிச்சையா?

மேல்தாடை குறுகலாக உள்ள பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அண்ணம் அகலமாக இல்லாமல் ஒடுங்கி, ஆழமாக மேலேறி இருக்கும். கடித்துக் காட்டச் சொன்னால், கீழ்ப்பற்களுக்கு வெளியே இறங்க வேண்டிய மேல் கடைவாய்ப்பற்கள் உள்பக்கமாக இறங்கும். பல பிள்ளைகளுக்கு இது ஒரு பக்கம் மட்டும்தான் என்று தோன்றும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் குறுகல்தான். பல் முனையோடு முனை முட்டுவதால், பிள்ளை கீழ்த்தாடையை ஒரு பக்கமாக நகர்த்தி வசதியாகக் கடித்துக்கொள்கிறது. நேராக எடுத்த போட்டோவில் மோவாய் லேசாக ஒதுங்கியிருப்பது தெரியும்.

இதற்கு நம் வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில்: "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், அப்புறம் கிளிப் போட்டுக்கலாம்." எத்துப்பல்லுக்குப் பல நேரம் அது சரியான யோசனைதான். குறுகிய மேல்தாடைக்கு அந்தக் காத்திருப்பு கூடாது. 9 வயதில் ஒரு கம்பியோடு முடிகிற வேலை, 25 வயதில் மயக்க மருந்து கொடுத்து எலும்பை வெட்டும் வேலையாக மாறலாம்.

காரணம் அண்ணத்தின் நடுக்கோட்டில் இருக்கிறது. மேல்தாடை பார்வைக்கு ஒரே எலும்பு. உண்மையில் இடது, வலது என்று இரண்டு பாதிகள் நடுவில் சேர்ந்து நிற்கின்றன. சிறு வயதில் அந்த இணைப்பு கிட்டத்தட்ட நேர்கோடாக, இளக்கமாக இருக்கும். வளரும் பருவத்தில் இரு ஓரங்களும் ரம்பப் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். பிறகு இடையிடையே எலும்புப் பாலங்கள் உண்டாகி, நாளடைவில் கோடே மறைந்துபோகும். எந்த வயதில் இது முடியும் என்று பிறந்த தேதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1977-ல் பெர்சன், திலாண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இறந்தவர்களின் அண்ணங்களை ஆராய்ந்தபோது, 15 வயதுப் பெண் ஒருவருக்கு மூடல் தொடங்கியிருந்தது; 27 வயதுப் பெண் ஒருவருக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன், இந்தக் கோடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கடுத்த கேள்வி, கருவி வாயிலேயே இருக்குமா, மேசை டிராயரில் இருக்குமா என்பது.

தட்டும் குவாட் ஹீலிக்ஸும்

கழற்றி மாட்டும் தட்டுதான் கேட்பதற்கு மிக இதமானது. அண்ணத்தை ஒட்டிய அக்ரிலிக் தட்டு, நடுவில் ஒரு சின்ன ஸ்க்ரூ, பல்லைப் பிடிக்கக் கம்பிக் கொக்கிகள். வாரத்துக்கு ஓரிரு முறை ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும். பல் தேய்க்கும்போது கழற்றிவிடலாம். செலவும் குறைவு. பெற்றோர் இதைத் தேர்ந்தெடுப்பது புரிகிறது.

குவாட் ஹீலிக்ஸ் கழற்ற முடியாதது. சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பியை நான்கு சுருளோடு வளைத்து, மேல் கடைவாய்ப்பற்களில் ஒட்டிய வளையங்களோடு சேர்த்துவிடுவார்கள். இதை அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் சீரமைப்பு நிபுணர்) ராபர்ட் ரிக்கெட்ஸ் பிரபலப்படுத்தினார். ஸ்க்ரூ, சாவி எதுவும் கிடையாது. டாக்டர் கம்பியை விரித்து மாட்டிவிட்டால் அது மெதுவாகத் தன் நிலைக்குத் திரும்பும்போது பற்களை வெளியே தள்ளும். சில வாரங்களுக்கு ஒருமுறை போய்க் காட்டினால் போதும். நாக்கில் கம்பியின் தடம் பதியும். கழற்றிய பின் அது மறைந்துவிடும். விரல் சூப்பும் பிள்ளைக்கு இன்னொரு லாபம் உண்டு: முன் கம்பி விரலுக்கு இடைஞ்சலாக இருப்பதால் பழக்கம் தானாகக் குறையலாம்.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட நல்ல ஆய்வு ஸ்வீடனில் நடந்தது. பெட்ரேன், பொன்டமார்க் இருவரும் 2008-ல் வெளியிட்டார்கள். ஒரு பக்கக் குறுக்குக்கடி (மேல் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே இறங்குவது) உள்ள பிள்ளைகளைச் சீட்டுப் போடுவதுபோலக் குழு பிரித்தார்கள். குவாட் ஹீலிக்ஸ் போட்ட எல்லோருக்கும் கடி சரியானது. தட்டு போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குச் சரியாகவில்லை. தட்டு ஒழுங்காக வாயில் இருக்கவில்லை என்பதே முக்கியக் காரணம். சிகிச்சையே இல்லாமல் விடப்பட்ட குழுவில் ஒருவருக்கும் தானாகச் சரியாகவில்லை. "வளர வளரச் சரியாயிடும்" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கடைசித் தகவலைத்தான் நான் முதலில் சொல்வேன். பிறகு, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும், 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தட்டைவிடக் குவாட் ஹீலிக்ஸ் கூடுதலாகப் பலன் தரக்கூடும் என்ற பக்கமே சாய்ந்தது.

தட்டை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. சொன்னபடி மாட்டிக்கொள்கிற பிள்ளை, சின்ன அளவு குறுகல், வளையம் ஒட்டத் தோதான கடைவாய்ப்பல் இன்னும் முளைக்காத வயது, இப்படி இருந்தால் சரி. மதிய உணவுக்குக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுருட்டி வைத்து, அப்படியே குப்பையில் போட்டுவிட்டு வரும் பிள்ளை என்றால், தட்டுக்குக் கொடுத்த பணம் தண்டம்.

ஹைராக்ஸ்: எலும்பையே விலக்கும் வழி

மேலே சொன்ன இரண்டும் பெரும்பாலும் பற்களைச் சாய்த்து இடம் உண்டாக்குகின்றன. தாடை எலும்பே நன்றாகக் குறுகியிருந்தால் வேகமாக விரிக்கும் முறைதான் பொருந்தும். இதன் கதை பழையது. சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் 14 வயதுச் சிறுமிக்கு ஸ்க்ரூ வைத்து இரண்டு வாரத்தில் மேல்தாடையை விரித்ததாக 1860-ல் எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம். முன்பற்களுக்கு நடுவே விழுந்த இடைவெளியை வைத்தே எலும்பு பிரிந்ததை அவர் ஊகித்தார். பலர் நம்பவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1961-ல் ஆண்ட்ரூ ஹாஸ் தன் நோயாளிகளின் பதிவுகளோடு எழுதிய பிறகுதான் இந்த முறை அமெரிக்காவில் மறுபடி ஊன்றியது. ஹாஸின் கருவியில் அண்ணத்தின் மேல் அக்ரிலிக் மெத்தை உண்டு. அதன் அடியில் சாப்பாடு சிக்கிப் புண்ணாகும் தொல்லையால், அந்த மெத்தை இல்லாமல், ஸ்க்ரூவைப் பற்களோடு இணைக்கும் உலோகக் கால்கள் மட்டும் உள்ள, கழற்ற முடியாத ஹைராக்ஸ் பரவலாகிவிட்டது.

ஒரு கால் திருப்பில் ஸ்க்ரூ சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் நாளைக்கு அரை மில்லிமீட்டர். இரண்டு வாரத்தில் 7 மில்லிமீட்டர். திருப்புவது வீட்டில் நாம்தான். என் மகளைக் கட்டிலில் படுக்க வைத்து, தலை சற்றுத் தொங்க, ஒருவர் மொபைல் டார்ச்சைப் பிடிக்க, ஸ்க்ரூவின் முன்பக்கத் துளையில் சாவியை நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ளுவேன். அடுத்த துளை முழுசாகக் கண்ணில் பட்டால்தான் ஒரு திருப்பு முடிந்தது என்று அர்த்தம். சாவியை முன்பக்கமாக இழுத்து எடுத்தால் ஸ்க்ரூ பின்வாங்கிவிடும். பின்னால் தள்ளிய நிலையிலேயே கீழே இறக்கி எடுக்க வேண்டும். சாவியின் பிடியில் நூல் கட்டி விரலில் சுற்றிக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் கை நழுவினால் விழுங்கிவிடும் அபாயம் உண்டு. திருப்பியதும் மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் ஓர் இறுக்கம் தெரியும் என்பாள். சில நிமிடங்களில் போய்விடும்.

முதல் வாரத்திலேயே முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். என் மாமியார் பதறிப்போய், "நல்லா இருந்த பல்லை இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா" என்றார். அந்த இடைவெளிதான் எலும்பு விலகுகிறது என்பதற்கு அடையாளம். ஈறு நார்களின் இழுப்பில் பெரும்பாலும் தானாகவே நெருங்கிவிடும். சாப்பாட்டில் கீரையும் சேமியாவும்தான் பெரிய இம்சை, ஸ்க்ரூவைச் சுற்றிக்கொள்ளும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சினால் வந்துவிடும். முறுக்கு, சீடை, மிட்டாய் எல்லாம் கழற்றும்வரை கிடையாது. பேச்சு ஒரு வாரம் குழறும்.

திருப்பி முடித்ததும் வேலை முடியவில்லை. விலகிய இடத்தில் புது எலும்பு நிரம்ப 3 முதல் 6 மாதம் கருவி அசையாமல் அங்கேயே இருக்க வேண்டும். கடைவாய்ப்பற்கள் கொஞ்சம் சாயும், பிறகு கொஞ்சம் திரும்பும். அதனால்தான் டாக்டர்கள் தேவைக்குச் சற்று அதிகமாகவே விரிக்கிறார்கள். என் பார்வையில், 9 முதல் 13 வயதுக்குள், எலும்பே குறுகிய பிள்ளைக்கு ஹைராக்ஸை மிஞ்ச ஆளில்லை. பற்கள் மட்டும் உள்ளே சாய்ந்திருக்கும் லேசான குறுகலுக்கு இது அதிகப்படி. குவாட் ஹீலிக்ஸே போதும். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்கும் ஈறில் எலும்பு வைத்துத் தைக்கும் முன் பெரும்பாலும் குவாட் ஹீலிக்ஸ் போன்ற மெதுவான கருவியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வளர்ந்தவர்களுக்கு

கோடு இறுகிய பிறகு வெறும் ஹைராக்ஸைத் திருப்பினால் எலும்பு அசையாது. பற்கள்தான் எலும்பை விட்டு வெளியே தள்ளப்படும், ஈறு இறங்கும். வளர்ந்தவர்களுக்கு இருக்கும் உண்மையான போட்டி மார்ப்பேவுக்கும் அறுவைக்கும் நடுவே.

மார்ப்பே என்பது அண்ண எலும்பிலேயே, வழக்கமாக நான்கு, மினி ஸ்க்ரூக்களைப் பதித்து அவற்றோடு விரிக்கும் கருவியைப் பூட்டுவது. அழுத்தம் பல்லைவிட அதிகமாக எலும்பில் போய் இறங்கும். கொரியாவில் கீ ஜூன் லீ குழுவினர் 2010-ல் எழுதிய பிறகு இது பரவியது. மரத்துப்போகும் ஊசி போதும். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை. 20 வயதை ஒட்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கோடு பிரிகிறது. வயது கூடக் கூட, குறிப்பாக ஆண்களுக்கு, வாய்ப்பு குறைகிறது. ஸ்க்ரூவைச் சுற்றி வீக்கம், சீழ், ஸ்க்ரூ தளர்வது, விரிப்பு ஒரு பக்கமாகச் சாய்வது எல்லாம் நடக்கக்கூடியவை.

அறுவை உதவியோடு விரிப்பதில், முழு மயக்கத்தில் தாடை எலும்பில் வெட்டுப் போட்டுப் பிடிப்பைத் தளர்த்துவார்கள். சில நாள் விட்டு, பிறகு அதே நாளைக்கு அரை மில்லிமீட்டர் கணக்குத்தான். முகம் வீங்கும், சில வாரம் கஞ்சியும் குழைந்த சாதமும்தான் சாப்பாடு, செலவு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். ஆனால் முப்பதைத் தாண்டியவருக்கு, கோடு முழுசாக இறுகியிருந்தால், நம்பகமான வழி இதுதான்.

இரண்டில் எது என்று முடிவு செய்யும் முன், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். 2013-ல் ஆஞ்செலியேரி குழுவினர் இந்தக் கோட்டை ஏ முதல் இ வரை ஐந்து நிலையாகப் பிரித்தார்கள். ஏ, பி என்றால் சாதாரண ஹைராக்ஸே வேலை செய்யலாம். சி எல்லைக்கோடு. டி, இ என்றால் எலும்பு ஒட்ட ஆரம்பித்துவிட்டது. ஸ்கேன் பார்க்காமலே 28 வயதுக்காரரிடம் "மார்ப்பே போட்டா கண்டிப்பா விரிஞ்சிடும்" என்று உறுதி கொடுத்தால், நான் இன்னொரு ஆர்த்தோடான்டிஸ்ட்டிடம் கேட்பேன். எலும்பை வெட்டாமல், ஸ்க்ரூவும் பதிக்காமல் பெரியவர்களின் தாடையை "வளர்த்துத் தருவதாக" விற்கப்படும் கருவிகள் பக்கம் போகவே வேண்டாம். அப்படி ஒரு கருவியால் பல்லும் எலும்பும் பாழானதாக அமெரிக்க நோயாளிகள் தொடுத்த வழக்குகள் 2023-ல் பெரிய செய்தியாயின. அலைனர்கள் எனப்படும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பல் உறைகளாலும் பல்வரிசையைக் கொஞ்சம் அகலப்படுத்தத்தான் முடியும். வளரும் பிள்ளைகளுக்கென்று, அலைனர் விற்கும் இன்விசலைன் தனியாக ஒரு கழற்றி மாட்டும் விரிப்பானைக் கொண்டுவந்து, 2023 இறுதியில் அமெரிக்க அனுமதியும் வாங்கியிருக்கிறது. கழற்ற முடியும் என்பதால் மேலே தட்டுக்குச் சொன்ன கவலை இதற்கும் பொருந்தும்.

செலவு இடித்தால், மேற்படிப்பு நடக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் கேளுங்கள். பேராசிரியர் மேற்பார்வையில் ஆர்த்தோடான்டிக்ஸ் மாணவர்கள் குவாட் ஹீலிக்ஸும் ஹைராக்ஸும் வழக்கமாகப் போடுகிறார்கள். கட்டணம் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. முதல் கடைவாய் நிலைப்பற்கள் முளைத்த 7 வயது வாக்கில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அண்ணத்தை விரித்தால் மூக்கின் அடித்தளமும் அகலமாகும். அதனால் சில பிள்ளைகளுக்கு மூச்சு இலேசாகும், குறட்டை குறையும். அதற்காகக் குறுகலே இல்லாத தாடையைக் குறட்டைக்காக மட்டும் விரிப்பதை நான் ஏற்க மாட்டேன். வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளைக்கு முதலில் அடினாய்டும் (மூக்கின் பின்பக்கச் சதை) டான்சிலும் இஎன்டி டாக்டரிடம் பார்க்கப்பட வேண்டும். குறுகலும் இருந்தால் இரண்டு டாக்டர்களும் பேசி எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கட்டும்.