ஒன்பது வருடமாக ஓடும் மலிவு டிவிடி பிளேயர்: எதைப் படிக்கும், எதைப் படிக்காது

இந்தப் பிளேயரை 2016-இல் ரங்கூன் மகாபந்துலா சாலைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். விலை 35,000 கியாட். புதுப் படம் பார்க்க வாங்கவில்லை. அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த 61 வட்டுகளுக்காக வாங்கினேன். தம்பியின் கல்யாணம், பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் திருவிழா, அப்பத்தா உயிரோடு இருந்தபோது எடுத்த பொங்கல் எல்லாம் அந்த டின்னில்தான் இருந்தன. பழைய பிளேயர் செத்துப்போனதும் அத்தனையும் பார்க்க முடியாத தகடுகள் ஆகிவிட்டன.

பிளேயரின் பிராண்டைச் சொல்லிப் பயனில்லை. சீனாவிலிருந்து வரும் இந்த வகைப் பெட்டிகள் பல பெயர்களில் விற்கின்றன. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே மீடியாடெக் எம்டி1389 சிப்பு இருந்தது. மலிவு பிளேயர்களில் மிகப் பரவலான சிப்பு அது. அதனால் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, வேறு பெயரில் இதே சிப்புள்ள பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் விசிடி, அதாவது டிவிடிக்கு முந்தைய வீடியோ சிடி. பர்மாவில் நம் வீட்டு விசேஷங்கள் பெரும்பாலும் விசிடியில்தான் இருக்கின்றன. கல்யாண வீடியோக்காரர்கள் டிவிடிக்கு மாறவே வெகுநாள் ஆயிற்று. ஒரு வட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் ஒரு கல்யாணம் இரண்டு மூன்று வட்டாக வரும். தம்பி கல்யாணத்தின் இரண்டாம் வட்டில், தாலி கட்டும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு நீளமான கீறல் உண்டு. கணினியில் போட்டு நகலெடுக்கப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் பிழை காட்டி நின்றுவிடும். நான்கு கணினிகளில் முயன்றும் அதே கதைதான். இந்த மலிவு பிளேயரில் போட்டால் படம் இரண்டு நொடி கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் ஒருமுறை கரகரத்து, தாண்டிப் போய்விடுகிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண கணினி சிடியில் ஒவ்வொரு துண்டுத் தகவலோடும் பிழை திருத்தக் கூடுதல் இடம் ஒதுக்கியிருப்பார்கள். விசிடியில் வீடியோ இருக்கும் பகுதியில் அந்தக் கூடுதல் பாதுகாப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே நிரப்பியிருக்கிறார்கள். அப்படிச் செய்ததால்தான் 74 நிமிடம் ஒரே வட்டில் அடங்கியது. ஆகவே கீறல் விழுந்தால் அங்கே இருந்த தகவலைத் திரும்பக் கணக்கிட்டு மீட்க வழி குறைவு. கணினி முழுமையான நகல் கேட்டு அடம்பிடிக்கும். பிளேயர் கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே போகும். கடைசியில் பிளேயரிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைப் பதிவுக் கருவியில் செருகி, படம் ஓட ஓடப் பதிந்தேன். டின்னில் இருந்த 61 வட்டில் 57 வந்துவிட்டன. இந்த ஒன்றுக்காகவே 35,000 கியாட் தகும் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி முறைகளின் சங்கதி. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது, பர்மாவில் இருக்கும் நமக்கு இது தினசரித் தொல்லை. 1980-இல் இங்கே தொலைக்காட்சி வந்தபோதே என்டிஎஸ்சி முறையில்தான் வந்தது. இந்தியாவோ பால். சென்னையிலிருந்து வரும் வட்டுகள் பல பாலில் இருக்கும். வெளிநாட்டுக்கென்று போட்ட தமிழ்ப்பட டிவிடிகள் பல என்டிஎஸ்சியில் இருக்கும். பாகோவில் அத்தை வீட்டில் இருந்த பழைய டிவி என்டிஎஸ்சி மட்டும்தான் எடுக்கும். அதில் பால் வட்டைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகி, மேலே மேலே உருண்டுகொண்டே இருக்கும். "ஏம்மா, வட்டு கெட்டுப்போச்சா?" என்று அத்தை ஒவ்வொரு முறையும் கேட்பார். வட்டு நன்றாகத்தான் இருந்தது.

என் பிளேயரைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது வெளியீட்டை என்டிஎஸ்சியில் நிறுத்தியிருந்தார்கள். அப்படி இருந்தால் எந்த வட்டு போட்டாலும் என்டிஎஸ்சி எடுக்கும் எந்த டிவியிலும் வண்ணத்தில் தெரியும். ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். பாலில் நொடிக்கு 25 படம், என்டிஎஸ்சியில் ஏறக்குறைய 30. இந்த மாதிரி மலிவுப் பெட்டி ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் இரண்டு முறை காட்டிக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் ஒன்றும் தெரியாது. தேர் நகரும்போது கேமராவும் சேர்ந்து நகர்ந்தால் தேர் தத்தித் தத்திப் போகும். முதல் வருடம் முழுக்க அதை வீடியோக்காரரின் குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ரிமோட்டில் உள்ள பி/என் பொத்தானை அழுத்தி ஆட்டோவில் (வட்டு எந்த முறையோ அதே முறையில்) வைத்தேன். தேர் வழுக்கிக்கொண்டு போனது. உங்கள் டிவி இரண்டு முறையையும் எடுக்கும் என்றால் (இப்போது விற்கும் தட்டை டிவிகள் எல்லாமே அநேகமாக எடுக்கும்) ஆட்டோவில் வையுங்கள். வட்டு மாற்றும்போது திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும், பயப்பட வேண்டாம்.

மண்டலக் குறியீடு, அதாவது ஒரு பகுதிக்கென்று விற்ற டிவிடி வேறு பகுதிப் பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பர்மா மூன்றாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். இந்தப் பெட்டி பூட்டில்லாமல்தான் வந்தது. சென்னை வட்டு, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்த வட்டு, இரண்டும் தடையில்லாமல் ஓடின.

வீட்டில் எழுதிய டிவிடிகளில் பாடம் கற்றது அதிகம். எழுதும் வெற்று வட்டில் இரண்டு வகை உண்டு. டிவிடி-ஆர் என் பிளேயரில் ஏறக்குறைய தவறாமல் ஓடுகிறது. டிவிடி பிளஸ் ஆர் சில ஓடும், சில ஓடாது. எழுதும்போது வேகத்தை 4 மடங்கில் வைத்தேன், அதன் பிறகு திக்கல் குறைந்தது. வட்டின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சுற்றும்போது சமநிலை போய், கடைசிப் பகுதியில் படம் நிற்கிறது. மார்க்கரால் எழுதினால் போதும். தம்பி டிவிடி ரெக்கார்டரில் பதிந்து கொடுத்த ஒரு வட்டு 'டிஸ்க் இல்லை' என்றே காட்டியது. அவன் பைனலைஸ் செய்ய, அதாவது பதிவை மூடி முடிக்க, மறந்திருந்தான். அதே ரெக்கார்டரில் திரும்பப் போட்டு முடித்து வாங்கியதும் உடனே ஓடியது.

இனி யூஎஸ்பி. எனக்கு உண்மையில் வருத்தம் இருப்பது இங்கேதான். பெட்டியின் மேல் பெரிதாக 'எம்பெக்-4, யூஎஸ்பி' என்று போட்டிருந்தது. கடைக்காரர் "எல்லா ஃபைலும் ஓடும்" என்றார். நம்பி வாங்கினேன். இன்று கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை எச்.264 என்ற வீடியோ சுருக்கு முறையில் உள்ளவை. பல கைபேசிகளில் எடுப்பதும் அப்படித்தான். எம்கேவி, எம்பி4 வகை ஃபைல்கள் இரண்டும் பட்டியலிலேயே தெரியாது. எச்.264-உம் எம்பெக்-4 குடும்பத்தின் பத்தாம் பகுதி என்பதால் பெட்டி மேல் எழுதியது பொய்யென்று ஆகாது. ஆனால் இந்தப் பெட்டி எடுப்பது அதற்கு முந்தைய எம்பெக்-4, அதாவது டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகையை மட்டும்தான். வாங்குபவருக்கு இந்த வேறுபாட்டை அச்சிட்டுச் சொல்வது கடமை என்று இன்றும் நினைக்கிறேன்.

ஏவிஐ என்று பெயர் இருந்தால் ஓடிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஏவிஐ தூக்குச்சட்டி மாதிரி. உள்ளே சாம்பாரா ரசமா என்பது திறந்தால்தான் தெரியும். என் அனுபவத்தில் நிச்சயமாக ஓடுவது இது: எக்ஸ்விட் படம், அகலம் 720 புள்ளிக்கு மேல் போகாமல், வேகம் நொடிக்கு 1200 முதல் 1500 கிலோபிட், ஒலி எம்பி3, அதுவும் மாறாத வேகத்தில். ஒலியை மாறும் வேகத்தில் வைத்தால் அரை மணி நேரத்தில் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகிறது. எக்ஸ்விட் அமைப்பில் கியூபெல், ஜிஎம்சி என்ற இரண்டு கூடுதல் சுருக்க வசதிகளையும் அணைத்துவிட வேண்டும். அவை இருந்தால் முகங்கள் உருகின மாதிரி இழுபடும். ஏசி3 முறை ஒலி வருகிறது, டிடிஎஸ் முறை ஒலி என்றால் ஊமைப்படம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இந்த அளவுகளை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது கைபேசி வீடியோவை மாற்றுவது அரிசி களைவது மாதிரி பழகிவிட்டது.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். 64 ஜிபி வாங்கினால் கடையிலிருந்தே வேறு முறையில் வரும், பிளேயர் கண்டுகொள்ளாது. 16 ஜிபி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதும் அந்த முறையின் வரம்பு.

அப்பாவின் தேவாரம் எம்பி3-களைப் போட்டபோது தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கட்டங்களாகத் தெரிந்தன. ஆங்கில எழுத்தில் மாற்றினேன். அப்போதும் பெயர் வரிசையில் பாடவில்லை, நான் நகலெடுத்த வரிசையில் பாடியது. ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுத்ததும் சரியாயிற்று.

எழுத்துச் சிக்கல் எங்கள் வீட்டில் பெரிதாக உறைத்தது சப்டைட்டிலில்தான். தம்பி மனைவி பர்மியப் பெண். தமிழ் ஓரளவு புரியும், படத்தில் வேகமாகப் பேசினால் புரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து உட்காரும்போது அவளும் சிரிக்க வேண்டிய இடத்தில் எங்களோடு சிரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பர்மிய மொழியில் வசனத்தைத் தட்டி எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலாகப் போட்டேன். திரையில் குப்பை எழுத்து வந்தது. தமிழில் போட்டாலும் அதே கதி. பிளேயருக்குள் இருப்பது ஆங்கிலம் மாதிரியான எழுத்துகள் மட்டுமே. தமிழின் கொம்பும் பர்மியத்தின் வளையங்களும் பக்கத்து எழுத்தோடு சேர்ந்து இடம் மாறி அமைய வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நிரல் இதில் இல்லை. எழுத்துருவை மாற்றும் வழியும் இல்லை.

இரண்டு வழிகளில் தீர்த்தேன். ஒன்று, வசனத்தைப் படத்தோடு சேர்த்தே எழுதிவிடுவது. மற்றொன்று முறையான டிவிடியாகவே தயாரிப்பது. டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாக இல்லை, படமாகவே சேமிக்கப்படுகிறது. ஆகவே எந்த மொழியானாலும் பிளேயருக்குக் கவலையில்லை, வேண்டாதபோது ரிமோட்டில் அணைத்தும் விடலாம். ஒரு படத்துக்கு வசனம் தட்ட எனக்கு மூன்று நான்கு இரவு ஆகும். இதுவரை ஏழு படம் செய்திருக்கிறேன்.

பெட்டியின் ஆயுள் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இது பேட்டரி இன்வெர்ட்டரிலேயே ஓடுகிறது. பின்புறம் 15 வாட் என்று அச்சிட்டிருக்கிறது, டிவிதான் அதிகம் இழுக்கும். ஐந்தாம் வருடம் மழைக்காலத்தில் வட்டைப் படிக்கத் தடுமாற ஆரம்பித்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை லேசாக நனைத்து லென்சைத் துடைத்தேன், சரியானது. மறு வருடம் துடைத்தும் சரியாகவில்லை. மெக்கானிக் அண்ணன் லென்ஸ் பகுதியையே மாற்றிக்கொடுத்தார். அதன் பிறகு டிவிடி நன்றாகப் படிக்கிறது. பழைய விசிடிகளில் மட்டும் முன்பிருந்த பொறுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதனால் பழைய லென்சைத் தூக்கிப்போடாமல் துணியில் சுற்றி அதே பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். படிக்காமல் நிற்கும் அந்த நான்கு வட்டில் ஒன்று அப்பத்தாவின் பொங்கல். மழை ஓய்ந்ததும் பழைய லென்சைத் திரும்பப் பொருத்தி இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.