நுரைக்குள் தண்ணீர் எங்கே தடுமாறுகிறது: வாய்க்காலிலா, சந்திப்பிலா?

தாதுவை மண்ணிலிருந்து பிரிக்க, பிளஸ் டூ வேதியியலில் படித்த நுரை மிதப்பு முறை நினைவிருக்கும். நுரை எழுப்பப் பைன் எண்ணெய், தாதுத் துகளில் தண்ணீர் ஒட்டாமல் செய்யச் சாந்தேட், அப்புறம் காற்று. கலீனா என்ற ஈயத் தாது நுரையோடு மேலே வரும், மண் கீழே தங்கும். ஆனால் நுரையோடு தண்ணீரும் ஏறுகிறது, அதில் கலந்து நுண்ணிய மண்ணும் ஏறுகிறது. அந்தத் தண்ணீர் நன்றாக வடிந்தால்தான் தாது சுத்தமாகக் கிடைக்கும். வடிதலைக் கணக்கிட இரண்டு மாதிரிகள் போட்டியில் இருக்கின்றன.

வேலூர்ப் பக்கம் ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். மூன்று சோப்புப் படலங்கள் கூடும் இடத்தில் ஒரு மெல்லிய வாய்க்கால். நான்கு வாய்க்கால்கள் கூடும் இடம் ஒரு சந்திப்பு. வாய்க்கால் மாதிரியில் கரை இறுகியது, கரையை ஒட்டிய தண்ணீர் நகராது, உராய்வெல்லாம் வாய்க்கால் நெடுகத்தான். 1999-இல் கோலர், ஹில்கன்ஃபெல்ட், ஸ்டோன் மூவரும் முன்வைத்த சந்திப்பு மாதிரியில் கரையும் தண்ணீரோடு சேர்ந்து நகரும். தண்ணீர் தடுமாறுவது சந்திப்புகளில் மட்டும்.

எது சரி? நுரையைப் பொறுத்தது. காட்பாடியில் எங்கள் மொட்டைமாடியில் ஓர் அக்ரிலிக் குழாயை நிறுத்தி, மீன்தொட்டி பம்பால் நுரை எழுப்பி, மேலிருந்து அதே சோப்புக் கரைசலை விடுவேன். ஈரமான பகுதி ஒரு கோடு போலக் கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஊற்றும் அளவை எட்டு மடங்காக்கினால் அந்தக் கோட்டின் வேகம் வாய்க்கால் மாதிரிப்படி சுமார் 2.8 மடங்காகும், சந்திப்பு மாதிரிப்படி 2 மடங்குதான். பால் புரத நுரை முதல் பக்கம் சாயும். ஷாம்பூவில் வரும் சோப்புப் பொருளான சோடியம் டோடெசில் சல்ஃபேட், சுத்தமாக இருந்தால், இரண்டாவது பக்கம். அதிலேயே கொஞ்சம் டோடெகனால் என்ற கொழுப்பு ஆல்கஹால் கலந்தால் கரை இறுகி, முதல் பக்கம் திரும்பிவிடும்.

சரி, மிதப்புத் தொட்டிக்கு? அங்கே நுரை முழுவதும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால் வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. குமிழி அளவும் உடையும் விகிதமும் மாறாமல் காற்றை இரட்டித்தால், விளிம்பில் வழியும் தண்ணீர் வாய்க்கால் மாதிரியில் நான்கு மடங்கு, சந்திப்பு மாதிரியில் எட்டு மடங்கு. கூடவே வரும் மண்ணும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் ஏறும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீத்லிங், சிலியர்ஸ் இருவரும் தங்கள் கணக்கை வாய்க்கால் மாதிரியில்தான் கட்டினார்கள். என் ஓட்டும் அதற்கே. குமிழிச் சுவரெல்லாம் தாதுத் துகள் அப்பியிருக்கும்போது கரை தாராளமாக நகரும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

புராஜெக்டுக்காக வரும் மாணவர்கள், "சார், எதைப் போடுறது?" என்று கேட்பார்கள். முதலில் குமிழியை ஒழுங்காக அளந்து வரச் சொல்வேன். நுரையின் ஈரம் அதே அளவில் இருந்தால், இரண்டு மாதிரியிலும் வடியும் வேகம் குமிழி அளவின் இருமடிக்கு ஏற்பத்தான் போகும். அளவில் இரு மடங்கு பிசகினால் அந்த வேகம் நான்கு மடங்கு பிசகும். அப்புறம் தொட்டியின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வழியும் தண்ணீரை வாளியில் பிடித்து எடைபோடச் சொல்வேன்.