நாலு வருட ரெகுலேட்டர்: கடை விலையும் இணைய விலையும்

அலுவலகத் தம்பி ஒருவன் பிப்ரவரியில் கர்நாடகக் கடலில் இருக்கும் நேத்ராணித் தீவுக்கு ஸ்கூபா டைவ் போகிறான். "அண்ணா, ரெகுலேட்டரை இங்கே பெங்களூருக் கடையிலேயே வாங்கட்டுமா, ஆன்லைனில் ஆர்டர் போடட்டுமா?" என்று கேட்டான். சிலிண்டரில் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து நம் வாய்க்குக் கொண்டுவரும் கருவிதான் ரெகுலேட்டர். என்னுடையது சர்வீஸ் முடிந்து போன வாரம்தான் கைக்கு வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் வாங்கியபோது கடையில் 58,000 ரூபாய் சொன்னார்கள். அதே மாடல் வெளிநாட்டு இணையக் கடையில் 36,000. கூரியர், சுங்க வரி எல்லாம் கட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 49,000 ஆகியிருந்தது. 22,000 மிச்சம் என்று நினைத்தது 9,000-இல் நின்றது. சரி, அதுவும் காசுதான்.

பொருளைக் குறை சொல்லவே மாட்டேன். முருடேஸ்வர், புதுச்சேரி, அந்தமான் என்று எழுபது டைவுக்கு மேல் ஆகிவிட்டது. முப்பது மீட்டர் ஆழத்தில் நாம் இழுக்கும் காற்று மேலே இருப்பதைவிட நாலு மடங்கு அடர்த்தி. அங்கேயும் மூச்சு அவ்வளவு லேசாக வரும்.

போன அக்டோபரில் செகண்ட் ஸ்டேஜ், அதாவது வாயில் கடித்துக்கொள்ளும் பகுதி, 'இஸ்ஸ்' என்று கசிய ஆரம்பித்தது. கடைக்கு எடுத்துப் போனேன். முதல் கேள்வியே, "எங்ககிட்ட வாங்கினதா?" இல்லை என்றதும் பையைத் திறக்கக்கூட விடவில்லை. அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? காசு தருகிறேன் என்றுதானே சொன்னேன்? நீருக்கடியில் உயிரைத் தாங்கும் கருவி அது. அதைத் தொட்டுப் பார்க்க பில் கேட்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு டெக்னீஷியன் பார்த்தார். சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை, அதில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சுமார் 9.5 பாருக்குக் குறைத்து அங்கேயே நிறுத்த வேண்டும். என்னுடையதில் கேஜ் முள் நிற்காமல் 11-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. உள்ளே காற்றை அடைக்கும் 'சீட்' என்ற சின்ன பாகம் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் சர்வீஸ் கிட் கிடைக்கவே இரண்டு மாதம். பஸ், கிட், கூலி எல்லாம் சேர்ந்து அந்த 9,000-ஐத் தின்றுவிட்டது. கடையில் வாங்கியிருந்தாலும் சர்வீஸுக்குக் காசு கொடுத்திருப்பேன்தான்; சீசனில் இரண்டு மாதம் போயிருக்காது.

அதே கடைக்காரர்தான் முன்பு எனக்கு மாஸ்க் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக இழுக்கச் சொன்னார். எட்டு மாஸ்க் விழுந்தது, ஒன்பதாவது ஒட்டி நின்றது. இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வந்ததில்லை. அந்தப் பொறுமைக்கு எந்த இணையக் கடையிலும் விலை கிடையாது.

தம்பியிடம் சொல்லிவிட்டேன்: மாஸ்க்கையும் கடையில் வாங்கு, ரெகுலேட்டரையும் கடையிலேயே வாங்கு, வருடா வருடம் சர்வீஸுக்கு எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள். நான் மட்டும் அடுத்ததையும் இணையத்தில்தான் வாங்குவேன். அந்தப் படியை மறுபடி ஏற மனசு வரவில்லை.